ஏழாவது ரோலர்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் 'புதுசு'. சேர்ந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. அவளுக்குப் பிறகு இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்து, பழையவர்களாகவும் ஆகிவிட்டார்கள். இவள் மட்டும் இன்னும் புதுசு. யார் வைத்தார்கள் என்று கேட்டால் எல்லோரும் அடுத்தவனைக் கை காட்டினார்கள். பட்டப்பெயர் வைக்கிறவர்கள் எப்போதும் அப்படித்தான்.

மாலை நான்கு மணிக்குக் கழுத்தில் தொங்கும் சாவியால் கதவைத் திறப்பாள். உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, திரும்ப ஏழு மணி ஆகும். அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் இருக்கிறார். ஆறேழு மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார்.

டப்பாவில் இருக்கும் பிஸ்கட்டில் நான்கை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போவாள். அங்கே அப்பாவின் படகு, பழைய டிரெய்லர் மேல் உட்கார்ந்திருக்கும். சின்னப் படகு. இரண்டு பேர் தாராளமாக, மூன்று பேர் முட்டி இடிக்க உட்காரலாம். டிரெய்லரின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு அன்று நடந்ததையெல்லாம் அதனிடம் சொல்வாள். வகுப்பில் முப்பத்தோரு பேர். ஜோடி பிரித்தால் மிஞ்சுகிற அந்த ஒருத்தி யார் என்று படகுக்கு நன்றாகவே தெரியும்.

செவ்வாய்க்கிழமை அப்பா போன் பண்ணினார்.

"சனிக்கிழமை காலையில வந்துடுவேன் கண்ணு. நாலே நாள்தான் லீவு."

"படகுல போகலாமாப்பா? நாம ரெண்டு பேர் மட்டும்?"

அப்பா எஞ்சின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார்.

"படகை வித்துடலாம்னு இருக்கேன்மா. ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார். போன தடவை பட்டதே போதும்."

போன தடவை பட்டது அவளுக்கும் நினைவிருந்தது. கடல் உள்ளே நுழைந்து குளம் மாதிரி நிற்கும் கழி ஒன்று பக்கத்தில் இருக்கிறது. அங்கே படகு இறக்கும் சரிவில் டிரெய்லரைப் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். படகு நகரவே இல்லை. அப்பா தள்ளினார். மாமா தள்ளினார். பின்னால் காத்திருந்த வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். கடைசியில் எங்கேயோ 'கிரீச்' என்று கேட்டது, படகின் அடியில் முழ நீளத்துக்குக் கீறல். அதை ஒட்டி முடிப்பதற்குள் லீவு தீர்ந்துவிட்டது. அவள் படகில் ஏறவே இல்லை. அப்பாவிடம் சொல்ல வைத்திருந்த எதையும் சொல்லவும் இல்லை.

இப்போது சொல்ல வேண்டியது இன்னும் சேர்ந்துவிட்டது. போனில் சொல்லலாமே என்பீர்கள். எஞ்சின் சத்தத்தோடு போட்டி போட்டுக் கத்துகிற விஷயங்களா அவை?

மறுநாள் அவள் சக்கரத்தில் சாயாமல் தரையில் படுத்து டிரெய்லரின் அடியைப் பார்த்தாள். நடுவில் வரிசையாக ஆறு ரப்பர் ரோலர்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் துளை, துளைக்குள் ஓர் இரும்புக் கம்பி. கம்பியைச் சுற்றி ரோலர் உருண்டால்தான் படகு நகரும். ஒவ்வொன்றாக விரலால் சுற்றிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. உப்புத் தண்ணீர் பட்டுக் கம்பியெல்லாம் துருப்பிடித்து ரோலரைக் கவ்வியிருந்தது. உருளாத ரோலரின் மேல் படகு வருடக்கணக்காகத் தேய்ந்து, ஒன்று ஒரு பக்கம் தட்டையாகவும், ஒன்று நடுவில் இடுப்பு ஒடுங்கியும், ஒன்று வெடித்தும் கிடந்தன.

"படகு மேல தப்பில்ல," என்று சத்தமாகச் சொன்னாள். கேட்க ஆள் இல்லை.

ஆறு மணிக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி, டெலிவரி வேன் ஓட்டுகிறவர். எதைச் சொன்னாலும் "எனக்குத் தெரியும்" என்பார். அதனால் வீட்டில் 'தெரியும் மாமா'.

"மாமா, ரோலரெல்லாம் தேஞ்சு போச்சு."

"எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் மாத்தல?"

மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அளவு வேணும்ல? இஞ்ச் டேப்பைக் கொண்டா."

சுற்றளவு எடுத்தார்கள். இருபத்திரண்டு சென்டிமீட்டர், பத்தொன்பது, இருபத்தொன்று, பதினெட்டு, இருபத்திரண்டு, பதினெட்டு.

"எதை வாங்கறது மாமா? ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே."

"இதுக்குத்தான் பள்ளிக்கூடத்துல சராசரி சொல்லித் தர்றாங்க. எல்லாத்தையும் கூட்டு."

"நூத்தி இருபது."

"ஆறால வகு."

"இருபது."

"பார்த்தியா! மிச்சமே இல்லாம வருது. மிச்சமில்லாம வந்தா விடை சரின்னு அர்த்தம்."

அவளுக்கு எங்கேயோ இடித்தது. ஆனாலும் அவ்வளவு அழகாக வகுபட்ட கணக்கை எப்படிச் சந்தேகப்படுவது? மாமா கடைக்குப் போய், இருபது சென்டிமீட்டரில் ஆறு ரோலரும் புதுக் கம்பிகளும் வாங்கி வந்துவிட்டார்.

அம்மா வேலை முடிந்து வந்ததும், படகுக்கு அடியில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, வேனின் ஜாக்கியை வைத்துக் கொஞ்சம் தூக்கினார்கள்.

"ஜாக்கி மேல படகு இருக்கற வரைக்கும் உன் கையோ காலோ உள்ள வரக் கூடாது. புரிஞ்சுதா?" என்றாள் அம்மா. அவள் எட்ட நின்று சாமான் எடுத்துக் கொடுத்தாள்.

துருவுக்கு எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித் தட்டி, அரை மணி நேரத்தில் முதல் கம்பி கழன்றது. புது ரோலரை மாட்டி, படகை இறக்கினார்கள். மாமா விரலால் ஒரு சுண்டு சுண்டினார். ரோலர் காற்றாடி மாதிரி சுற்றியது.

"எப்படிச் சுத்துது பார்த்தியா அக்கா!"

அவள் எட்ட நின்றபடியே குனிந்து பார்த்தாள். ரோலருக்கும் படகுக்கும் நடுவில் பக்கத்து வீட்டு விளக்கு தெரிந்தது.

"மாமா, அது மேல படகு உக்காரவே இல்ல. சும்மா சுத்துது."

மாமாவும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. "மிச்சமில்லாம வந்துச்சே," என்றார் மெதுவாக.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே! மாட்டின சாமானை அந்தக் கடைக்காரர் தொடக்கூட மாட்டார். இவ அப்பா சொன்ன மாதிரி படகை வித்துடறதே நல்லது." அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாமா அன்று டீ குடிக்காமலே கிளம்பினார்.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு அவள் பிஸ்கட் எடுக்கவில்லை. நேரே படகின் மூக்குப் பக்கம் போய் நின்றாள். தேய்ந்ததை அளந்தால் தேய்ந்த அளவுதான் கிடைக்கும். தேயாத ஒன்று வேண்டும். அதற்கு எங்கே போவது?

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. டிரெய்லரின் முன்கோடியில், மற்ற ஆறுக்கும் தள்ளி, ஏழாவதாக ஒரு ரோலர். அதைத் தாங்கும் இரும்புப் பட்டை எப்போதோ கீழே வளைந்திருந்தது. அதனால் படகு அதைத் தொட்டதே இல்லை. மேலெல்லாம் சிலந்தி வலையும் அழுக்கும். பாவாடை நுனியால் துடைத்தாள். உள்ளே கறுப்பாக, உருண்டையாக, கடையில் இருந்த மாதிரியே இருந்தது.

"நீயும் புதுசா?" என்றாள்.

இஞ்ச் டேப்பைச் சுற்றினாள். இருபத்தைந்து. ஒருவேளை இது வேறு ரகமோ? எதையும் பார்த்தவுடன் நம்பிவிடக் கூடாது. மாமா கழற்றிப் போட்ட பழைய ரோலரைப் பக்கத்தில் வைத்தாள். நீளம் ஒன்றே. ஏழாவதின் கம்பியை உருவினாள்; பாரம் படாததால் சுலபமாக வந்தது. பழையதின் கம்பியை அந்தத் துளையில் விட்டாள். பொருந்தியது. ஆக, ஒரு காலத்தில் ஏழும் ஒரே அளவுதான்.

மாமா வரும்போது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பையில் புத்தகத்துக்குப் பதில் ஏழாவது ரோலர்.

மாட்டியிருந்ததையும் கழற்றி, இருபது சென்டிமீட்டர் ரோலர் ஆறையும் கடைக்கு எடுத்துப் போனார்கள். கடைக்காரர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "மாட்டின சாமானை மாத்தித் தர்றதில்ல. போர்டு பார்த்தியா?"

"பார்த்தேங்க. அஞ்சு மாட்டவே இல்ல. ஒண்ணுதான் மாட்டினோம். அது மேலயும் படகு உக்காரல. கோடுகூட விழல, பாருங்க."

அவர் ஆறையும் வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் கீறிப் பார்த்தார். சந்தேகக்காரர். பிறகு அவள் கொண்டு வந்த ரோலரை அளந்தார்.

"இருபத்தஞ்சு. இதை இருபதுன்னு அளந்த புத்திசாலி யாரு?"

மாமா ஒரு கிரீஸ் டப்பாவை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

"வீட்டுல எல்லாரும் சேர்ந்துதாங்க அளந்தோம்," என்றாள் அவள்.

"எல்லாரும் சேர்ந்தா? அதான் இப்படி," என்று சொல்லிவிட்டு அவர் மேல் தட்டிலிருந்து ஆறு பெரிய ரோலர்களை எடுத்து வைத்தார்.

மாமாவுக்கு உயிர் வந்தது. "கிரீஸை ரோலர் மேல நல்லா அப்பிடலாம். வழுக்கிட்டுப் போகும். எனக்குத் தெரி..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அப்பினா ரப்பர் ஊறி உப்பிப் போகும். கம்பிக்கு மட்டும் வைங்க," என்றார் கடைக்காரர்.

வேனில் திரும்பும்போது மாமா அவள் பையிலிருந்த ஏழாவது ரோலரைப் பார்த்தார். "என்னைக் காட்டிக் கொடுக்கலையே நீ," என்றார்.

"வகுத்தது நான்தானே மாமா."

வியாழன் இரவுச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு, வெள்ளிக்கிழமை நான்கு. ஒவ்வொரு கம்பியாகத் துடைத்து கிரீஸ் தடவுவது அவள் வேலை. கடைசியில் வளைந்த பட்டையை மாமா நிமிர்த்தினார். ஏழாவது ரோலர் முதல் தடவையாகப் படகைத் தொட்டது.

சனிக்கிழமை அப்பா வந்தார். இளைத்திருந்தார். நின்றபடியே தூங்கிவிடுவார் போல இருந்தது.

"நாளைக்கு அந்த ஆள் வர்றப்போ மறுபடி ஒரு கீறல் இருந்தா நல்லா இருக்காதும்மா," என்றார்.

"ஒரே ஒரு தடவைப்பா."

"புள்ள கையைப் பாருங்க. ரெண்டு நாளா அந்த கிரீஸ் போகல. போயிட்டு வாங்க," என்றாள் அம்மா.

சரிவில் மாமா வேனைப் பின்னால் எடுத்தார். சக்கரம் தண்ணீரைத் தொடும் முன்பே அப்பா இறங்கி, படகின் மூக்கில் மாட்டியிருந்த கயிற்றுக் கொக்கியில் கை வைத்தார்.

"அப்பா, எடுக்காதீங்க!"

"இது எங்கம்மா நகரப் போகுது? கழட்டிட்டு நானும் மாமாவும் தள்ளறோம்."

"இப்ப நகரும்பா. கொக்கியை எடுத்தீங்கன்னா தண்ணிக்குப் போகாம சிமெண்ட்டு மேல விழுந்துடும்."

அப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கொக்கியின் மேல் இருந்த அவர் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"மச்சான், புள்ள சொன்னா கேளுங்க. எனக்கு... எனக்கு ஒண்ணும் தெரியாது. அவளுக்குத் தெரியும்," என்றார் மாமா வேனிலிருந்து.

அப்பா கையை எடுத்தார். டிரெய்லர் தண்ணீருக்குள் இறங்கியதும், கயிறு சுற்றியிருந்த கைப்பிடியைத் தளர்த்தினார். ஒரு சுற்றுதான். படகு தானாகவே கிளம்பியது. கயிறு விறைத்தது. அப்பா இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். ஏழு ரோலரும் சத்தமில்லாமல் உருள, படகு தண்ணீரில் போய் உட்கார்ந்தது.

அப்பா படகைப் பார்த்தார். காலியான டிரெய்லரைப் பார்த்தார். குனிந்து ஒரு ரோலரை விரலால் சுற்றினார். பிறகு போனை எடுத்து யாரிடமோ, "நாளைக்கு வர வேண்டாங்க. இல்லீங்க, வேற யாருக்கும் குடுக்கல. நாங்களே வெச்சுக்கறோம்," என்றார்.

கழியின் நடுவில் ஒரு சத்தமும் இல்லை. அப்பா துடுப்பை உள்ளே வைத்துவிட்டுப் பலகையில் சாய்ந்தார். அவள் ஆரம்பித்தாள். சாவியைப் பற்றிச் சொன்னாள். 'புதுசு' என்ற பெயரைப் பற்றிச் சொன்னாள். முப்பத்தோரு பேரில் ஜோடி பிரிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்வதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அப்பாவின் கண் மூடியிருந்ததைக் கவனித்தாள். மார்பு மெல்ல ஏறி இறங்கியது. எத்தனை நாள் தூக்கமோ.

அவள் நிறுத்திக்கொண்டாள். தண்ணீர் படகின் அடியில் மெல்லத் தட்டியது.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டி, கிரீஸ் போகாத அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"ம்... ஜன்னலுக்கு வெளிய பார்ப்ப. அப்புறம்?"