இருவாட்சித் தடம்

காலையில் கதவு திறப்பதற்குள் சரளை வந்து படுத்துவிட வேண்டும். கருங்கானல் காப்புக்காட்டில் அதுதான் தினப்படி நடைமுறை. வாசலில் சைக்கிள்காரர்கள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். மலைச்சரிவில் சரசரவென்று கல் நகரும் சத்தம் கேட்கும். சத்தம் அடங்கியதும் யாராவது ஒருவர், "படுத்தாச்சு, போலாம்" என்பார். கூட்டம் மிதிக்கத் தொடங்கும். யாரும் அதை நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. குழாயில் தண்ணீர் வருவதை யார் வேடிக்கை பார்க்கிறார்கள்?

நகர்சரளை என்று அதற்குப் பெயர். புளியங்கொட்டை அளவுக் கல். ஒவ்வொன்றின் வயிற்றிலும் துளி அறிவு, அடியில் நகர்வதற்கு நூல்போலச் சில கால்கள். மனிதக் காலோ சக்கரமோ, எந்த வழியில் விடாமல் போய்வருகிறதோ அந்த வழியில் கற்கள் விடிவதற்குள் போய்ப் பரவிக்கொள்ளும். கூட்டம் கூடிவிட்டால் பகலிலும் நகரும். போக்குவரத்து நின்ற வழியை விட்டுத் தாமாகவே எழுந்து போய்விடும். அங்கே புல் முளைக்கும். தார் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், ஒரு மரத்தை வெட்ட வேண்டாம். போவது யார் என்று மட்டும் கற்கள் பார்க்காது. தனிமனிதர் நடமாட்டத்தை வேவு பார்க்கக் கூடாது என்பது சட்டம். மிதிபடுவதை எண்ணும், அவ்வளவுதான். மக்களே தங்கள் கட்டுப்பாட்டால் காட்டைக் காப்பாற்றுவார்கள் என்று தொடக்க விழாவில் பேசினார்கள். பேசியவர்கள் எல்லாரும் நல்லவர்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

சுடலைமுத்து அந்தக் காட்டின் தடக்காவலர். தடத்தை விட்டு யாரும் விலகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கல்யாணம் காட்சி இல்லாத மனிதர். காடும் சைக்கிளும்தான் குடும்பம். அந்த மாசியில், பிரதான தடத்திலிருந்து வெகுதூரம் உள்ளே, ஒரு வெடிப்பலா மரத்தின் உயரப் பொந்தில் அவர் இருவாட்சிப் பறவையின் கூட்டைக் கண்டார். அந்த மலையில் இருவாட்சி அற்றுப்போய்விட்டது என்று எழுதி முடித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சுடலைமுத்து சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

பெட்டை பொந்துக்குள் புகுந்து, வாசலைச் சேறும் எச்சமும் குழைத்து உள்ளிருந்தே அடைத்துக்கொண்டிருந்தது. அலகு நுழையும் கீற்று மட்டும் மிச்சம். உள்ளே போனதும் அது இறகை உதிர்த்துவிடும். வெளியே வந்தாலும் பறக்க முடியாது. அதற்கும் குஞ்சுக்கும் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டுவது சேவலின் பொறுப்பு. மனித நடமாட்டம் பார்த்து சேவல் மிரண்டு வராமல் போனால் உள்ளே இருப்பவை பட்டினியில் சாகும். கதை அவ்வளவுதான்.

சரளையின் இயக்கத்தைக் கவனிக்கும் இசக்கியம்மாளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். நேர்மையான பெண், வாய் திறக்கமாட்டாள்.

"அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாதுன்னு வரைபடத்துல போட்டுருவமா அண்ணாச்சி?"

"நல்லாச் சொன்ன போ. போகாதன்னு போட்டா அன்னைக்கே அங்கன திருவிழா கூடிரும். நம்ம ஜனத்தத் தெரியாதா? நானே தெனமும் ஒரு எட்டுப் போயிப் பாத்துக்கிடுதேன்."

அப்படியே போய்ப் பார்த்துக்கொண்டார். தூரத்திலேயே நின்று, சேவல் வந்து ஊட்டிவிட்டுப் போவதைப் பார்த்தபிறகுதான் சோறு இறங்கும். பங்குனியில் குஞ்சின் குரல் கேட்டது. கரகரவென்று, கேட்கவே சகிக்காத குரல். அவருக்கு அதைவிட இனிமையாக எதுவும் கேட்ட நினைவில்லை.

ஒருநாள் மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நாலைந்து கற்கள் கிடந்தன. பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய் பிரதான தடத்தில் கொட்டினார். மறுநாள் ஒரு கைப்பிடி கிடந்தது. அடுத்த வாரம் வரிசையே வந்துவிட்டது. எவனோ திருட்டுத்தனமாக வந்துபோகிறான். சுடலைமுத்து காலையும் மாலையும் போகத் தொடங்கினார். பிறகு மதியமும் போனார். ஒளிந்திருந்து பார்த்தார். ஒருவனும் சிக்கவில்லை. கற்கள் மட்டும் பெருகின.

கடைசியில் இசக்கியம்மாளின் முன்னால் போய் நின்றார். "ஒங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். யாருட்ட ஒளறுன?"

அவள் முகம் சுருங்கியது. "ஏன் அண்ணாச்சி இப்படிக் கேக்கிய? எம் புருஷன்கிட்ட கூடச் சொல்லல. இருங்க, கல்லையே கேப்போம். யாருன்னு சொல்லாது. எப்படி மிதிச்சாங்கன்னு சொல்லும்."

அவர் பையிலிருந்த கற்களை வாங்கித் தன் கருவியில் போட்டாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு குரல் இறங்கிப்போய்ச் சொன்னாள்.

"ஒரே சைக்கிள்தான் அண்ணாச்சி. வேற சக்கரமே இல்ல. பின்டயர்ல ஒரு ஒட்டு இருக்கு, அகலமா."

சுடலைமுத்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அவருடைய சைக்கிள் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றது. பின்டயரில் போட்ட ஒட்டு அங்கிருந்தே தெரிந்தது. மாசியில் அவரே போட்டது.

"நான் ஒருத்தன்தானே போனேன், இசக்கி."

"கல்லுக்கு அது தெரியாதே. விடாம யாரோ வாறாங்க, பாவம், கஷ்டப்படுதாங்கன்னு வழி போட்டுருக்கு."

"நடந்து போயிருந்தா?"

"கால் பட்டாலும் எண்ணும்." அவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல அண்ணாச்சி. தடம் முழுசாச் சேரல. சேர்ந்தாத்தான் புதுத் தடம்னு எல்லாருக்கும் தானா அறிவிப்புப் போகும். ஒரு வாரம் நீங்க அந்தப் பக்கமே தலை காட்டாதிய. கல்லு கலைஞ்சிரும்."

ஒரு வாரம். கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. முதல் நாள் வீட்டில் கிடந்தார். அடுத்த நாள் விறகு பிளந்தார். அதற்கடுத்த நாள் விறகு தீர்ந்துபோய்விட்டது. சேவல் வந்ததா, குஞ்சு கத்துகிறதா, முக்கியமாக, கல் கலைகிறதா? கலையவில்லை என்றால் என்ன செய்வது? யாராவது ஒருவர் பார்த்தால்தானே தெரியும்? வார முடிவுக்கு முதல்நாள் அவரால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை, கல் போய்விட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று சைக்கிளை எடுத்தார்.

கற்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. பாதி வழி வெறுந்தரையாகி இருந்தது. அவருக்கு உயிர் வந்தது. மரம் வரைக்கும் போய், அங்கேயும் கலைந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு நிம்மதியாகத் திரும்பினார். அன்றைக்கு அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, போன கற்கள் அத்தனையும் திரும்பி வந்தன. பழைய வழிக்கு ஆள் மறுபடி வந்தால் அதை இன்னும் உறுதியாகப் போட வேண்டும் என்று அவற்றுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

ஞாயிறு காலை புதுத் தடம் அறிவிக்கப்பட்டது. சுடலைமுத்து ஓடிப்போய், வந்துசேர்ந்த சைக்கிள் கூட்டத்தை மறித்து மரத்தடியில் கையை விரித்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி இருக்கு இங்க?"

"ஒண்ணும் இல்ல. போங்க."

"ஒண்ணும் இல்லாத எடத்துக்கா காவல்?" என்று கேட்டவன் நல்ல பையன்தான். கேட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தான். அவனைப் பார்த்து எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். தொண்டை புடைக்க அத்திப்பழத்தோடு வந்த சேவல், மரத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. சிறகுச் சத்தம் பெரிதாகக் கேட்டது. பிறகு மலைக்கு அந்தப்புறம் போய்விட்டது.

அது திரும்பவில்லை. கூட்டம் வந்தபடியே இருந்தது. குஞ்சின் குரல் சில நாள் கேட்டது, பிறகு நின்றது. பெட்டையின் அலகு கீற்றில் நீட்டியபடியே இருந்தது.

நாடே வருந்தியது. உண்மையாகவே வருந்தியது, பொய் சொல்லக் கூடாது. தடத்துக்கு இருவாட்சியின் பெயர் வைத்தார்கள். அந்தப் பறவைகளின் நினைவாக ஒரு வாரம் யாரும் அங்கே போகாமல் இருப்போம், கற்கள் கலையட்டும், காடு மூடிக்கொள்ளட்டும் என்று அறிவித்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் போகமாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள்.

சுடலைமுத்துவும் எடுத்தார். வாரத்தின் நடுவில் ஒரு மதியம், சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மரத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். முன்னால் நின்ற ஒரு பெண் அவரைப் பார்த்துச் சங்கடத்தோடு நெளிந்தாள்.

"யாரும் வராம இருக்காங்களான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம் அண்ணாச்சி. நீங்க?"

"நானும் அதுக்குத்தான்" என்றார் சுடலைமுத்து.

அவருடைய காலடியில் சரளை மெல்ல நகர்ந்து, பின்னால் வருகிறவர்களுக்காக இடத்தை அகலமாக்கிக்கொண்டிருந்தது.