ஸ்கேன் அறையிலிருந்து வந்த படங்கள்

பூட்டிக் கிடந்த ஸ்கேன் அறையிலிருந்து ஏதோ ஒரு படம் சர்வருக்குள் வரப் பார்த்தது. சர்வர் ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பி அனுப்ப, திரையில் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற சிவப்பு வரி ஒன்றன்கீழ் ஒன்றாக ஊர்ந்து இறங்கியது.

அவள் அந்த மருத்துவமனையின் சர்வரைக் கவனித்துக்கொள்பவள். விடுமுறை நாளின் மதியம் மழையால் இருண்டிருந்தது. ஏசி ஓயாமல் உறுமியது. கதவிடுக்கில் கசிந்த ஸ்பிரிட் வாடை தொண்டை வரை இறங்கியது. வெளியே வராந்தாவில் யாரோ காலை இழுத்து நடப்பதுபோன்ற ஓசை கேட்டது.

ஸ்கேன் ஆப்பரேட்டரைப் போனில் அழைத்தாள்.

“அண்ணா, மிஷினை யாராவது போட்டிருக்காங்களா?”

“அதைத்தான் ரிப்பேருக்குக் கழட்டிப் போட்டிருக்கோமேம்மா. சாவி என்கிட்டதான் இருக்கு. ஏன், ஏதாவது பிரச்சினையா?”

“ஒண்ணுமில்லண்ணா.”

இப்போதெல்லாம் பொய் சுலபமாக வந்தது. போன வாரம், நோயாளிகளின் படங்கள் சேரும் ஃபோல்டர்களை ஏதோ பாதுகாப்பு வேலைக்காகப் பூட்டிவிட்டு, திறக்க மறந்து சினிமாவுக்குப் போனது அவள்தான். போனையும் சைலண்டில் போட்டிருந்தாள். அன்றிரவு தலையில் அடிபட்டு வந்த சிறுமியின் ஸ்கேன், அதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வெளியூர் டாக்டருக்குப் போகாமலே நின்றுவிட்டது. விடிவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. “நெட் போயிடுச்சு, யார் என்ன செய்ய முடியும்?” என்றார் மேனேஜர். அவளும் தலையாட்டினாள். சிறுமியின் அப்பா அவளைப் பார்த்துக் கைகூப்பினார். “உங்களால ஆனதைப் பண்ணீங்கம்மா.”

அந்தக் கைகளை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

சிவப்பு வரியை உற்றுப் பார்த்தாள். படம் தேடி வந்தது சிறுமியின் ஃபோல்டரை. மற்ற எல்லாவற்றையும் மறுநாளே திறந்துவிட்டவள், அதை மட்டும் தொடத் துணியாமல் அப்படியே விட்டிருந்தாள்.

அனுமதியை மாற்றினாள்.

“வாம்மா,” என்றாள் மெதுவாக. “இந்தத் தடவை தடுக்க மாட்டேன்.”

சிவப்பு நின்றது. வராந்தா ஓசையும் நின்றது.

ஒரு படம் வந்து விழுந்தது. திறந்தாள். தலையின் படம் இல்லை, மார்பின் படம். குழந்தையுடையது அல்ல, பெரிய ஆளுடையது. இடது காறை எலும்பில் ஒரு தகடு, வரிசையாகத் திருகாணிகள், பளீரென்று வெள்ளையாக.

அவள் கை தானாக இடது தோளுக்குப் போனது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்தபோது வைத்த தகடு சட்டைக்கடியில் விரலுக்குத் தட்டுப்பட்டது. இந்த மருத்துவமனையில் அவள் ஸ்கேன் எடுத்ததே இல்லை.

இன்னொரு படம். விலா எலும்புகளுக்கு நடுவே, அங்கே இருக்கக் கூடாத மெல்லிய எலும்புகள்.

விரல்கள்.

சின்ன விரல்கள்.

ஃபோல்டரைப் பூட்டப் பார்த்தாள். ‘அனுமதி மறுக்கப்பட்டது.’ மறுபடி அடித்தாள். மறுத்தது. கத்த வாயைத் திறந்தாள். காற்று உள்ளே போகவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. நகர்ந்தது.

அடுத்த படம் விழுந்தது.

இதயத்தைச் சுற்றி அந்தப் பிஞ்சுக் கை, பாதி மூடியிருந்தது.

அதற்கடுத்ததும் வந்துகொண்டிருந்தது.