அறை இல்லாத ஜன்னல்

ஒரு குடும்பம் நான்கு தலைமுறையாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த முகப்பின் விலை தொண்ணூறாயிரம். ஜவுளிக்கடைக்காரர் அரைநாள் உட்கார்ந்து பேசி அதை அறுபத்தெட்டுக்கு இறக்கினார். இடித்த வீட்டின் செதுக்கிய தூண் இரண்டு, கதவும் சட்டமுமாக மர ஜன்னல் இரண்டு. பணத்தைக் கொடுத்த பிறகு, மூலையில் சாத்தியிருந்த மூன்றாவது ஜன்னலைக் கொசுறாகக் கேட்டார். பழைய மரக்கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் தூக்கி வண்டியில் ஏற்றினார். எந்த வியாபாரியும் அவ்வளவு சுலபமாகக் கொசுறு கொடுத்து இவர் பார்த்ததில்லை. உறுத்தியிருக்க வேண்டும். இவருக்கு இனித்தது.

இவர் வீட்டுக்குத் தெருப்பக்கம் ஜன்னல் இரண்டுதான். மூன்றாவதை மாடிப்படிச் சுவரின் தெருப்பக்கம் ஒப்புக்குப் பதித்துவிடலாம் என்றார் இன்ஜினீயர். பழைய சட்டத்துக்குள் புதுக் கண்ணாடி, பின்னால் சுவருக்குக் கறுப்புப் பெயின்ட். தெருவிலிருந்து பார்க்கிறவனுக்கு உள்ளே ஓர் இருட்டறை இருப்பதாகவே தோன்றும். அந்தக் காலத்து வீடு மாதிரியும் இருக்கும், இந்தக் காலத்து வீடாகவும் இருக்கும். கொத்தனார் மட்டும், இல்லாத அறைக்கு எதற்கு ஜன்னல் என்று முணுமுணுத்தார். கூலி வாங்குகிறவனுக்கு ரசனை எதற்கு என்று இவர் சிரித்தார்.

வேலை முடிந்த மறுநாள் காலை, அந்த ஜன்னலின் கதவுகள் திறந்து கிடந்தன. காற்றுதான் என்று சாத்தினார். அதற்கடுத்த நாளும் திறந்திருந்தன. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துண்டால் துடைத்தார், போகவில்லை. ஆவி உள்பக்கம் இருந்தது. கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் எறும்பு போக இடம் கிடையாது. முகத்தை அருகே கொண்டுபோனபோது, சட்டத்தின் இடுக்கிலிருந்து வருஷக்கணக்காக மடித்து வைத்த துணியின் வாடையும், அதற்கும் அடியில், யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கையின் வெதுவெதுப்பும் வந்தன. முப்பது வருஷம் துணிக்குள் புழங்கியவர். மடித்த துணி சூடாக இருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் வெள்ளைக் கவுன் போட்ட ஏழு வயது மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள்.

"அப்பா, உள்ள நிறைய இடம் இருக்குப்பா. வர்றியான்னு கேக்கறாங்க."

"யாரும்மா?"

"எல்லாரும்தான்."

கொத்தனாரை உடனே வரவழைத்தார். கதவைச் சாத்தி, ஆணி அறைந்து, மேலே கம்பி வலை கட்டிச் சிமெண்டு பூசிவிடச் சொன்னார்.

"பேத்து எடுத்துடலாம் முதலாளி. இதை மூடி வைக்காதீங்க," என்றார் கொத்தனார்.

பெயர்த்தால் முகப்பு முழுக்க மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும், பதினெட்டாயிரம். மூடினால் ஆயிரத்து இருநூறு. அதை ஆயிரத்து நூறாக்க, ஜன்னலடியில் நின்ற மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பத்து நிமிஷம் பேசினார். நூறு ரூபாய் குறைந்தது. திரும்பியபோது அங்கே அவள் இல்லை. சாப்பிட உள்ளே போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் ஆணி இறங்கியதும் உள்ளேயிருந்து ஒரு தட்டல் கேட்டது. கொத்தனார் கையை நிறுத்தினார். எதிரொலி, அடி என்றார் இவர். அடுத்த ஆணிக்கு இரண்டு தட்டல். அதற்கடுத்ததற்கு, சின்னக் கைகளால் விடாமல் தட்டுகிற சத்தம். சிமெண்டைப் பூசப் பூச அது அமுங்கியது, தலையணைக்கு அடியில் அழுகிற மாதிரி. கொத்தனார் கூலியைக்கூட வாங்காமல் போய்விட்டார். ஆயிரத்து நூறு மிச்சம்.

மனைவி வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க, பாப்பாவ உள்ள அனுப்புங்க. இன்னும் சாப்பிடல."

"உள்ளதானே இருக்கா?"

"உங்களோடதானே நின்னா?"

சுவர் தட்டியது.

சுத்தியலை எடுத்தார். ஈரச் சிமெண்டு வழிந்தது. வலை கிழிந்தது. கதவு பிளந்தது. உள்ளே கறுப்பு. கறுப்புக்குள் ஒரு வெள்ளைக் கவுன் ஓடி வந்தது. ஓங்கிய கை நிற்கவில்லை.

கண்ணாடி உடைந்தது.

பின்னால் சுவர். செங்கல். பெயின்ட். வேறொன்றுமில்லை.

தட்டல் நின்றிருந்தது. மனைவி அறை அறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடுவது கேட்டது. அவர் குனிந்தார். காலடியில் கிடந்த ஒரு சில்லில் கண் ஒன்று இருந்தது. ஈரமாக. அது இமைத்தது.

துண்டை விரித்தார். பொறுக்கினார். விரல் கிழிந்தது, துடைத்துக்கொண்டு பொறுக்கினார். மணலில் கிடந்தவை. சட்டத்தில் ஒட்டியிருந்தவை. ஒவ்வொன்றையும் இடம் பார்த்து வைத்தார். இடது செருப்புக்கு அடியில் ஏதோ நறநறத்தது. காலைத் தூக்கவில்லை. முதலில் இருப்பதைச் சரிபார்ப்போம்.

நெற்றி, இரண்டு துண்டு. காது இரண்டு. விரல் பத்தும் இருக்கிறது. வாய் ஒன்று, இன்னும் அசைகிறது. கண் ஒன்று.

பாக்கி, ஒன்று.