பிணையாக வைத்த பாதி மூளை

வழக்கு நாட்களில் ஜெசிந்தா பாசி வளர்க்கும் தொட்டிகளைக் கழுவுவாள். பூமியில் நீதிபதி ஒரு கேள்வி கேட்டால் அது செவ்வாய்க்கு வந்துசேரப் பதினான்கு நிமிடம். அவள் பதில் போய்ச்சேர இன்னொரு பதினான்கு. அதற்குள் ஒரு தொட்டி சுத்தமாகிவிடும். குடியிருப்பில் எல்லோரும் இப்படித்தான். விவாகரத்து விசாரணைக்கு நடுவே சோறு வடித்தவர்களும் உண்டு.

அவள் வழக்கு, அண்ணன் இன்னாசிமீது. தூத்துக்குடியில் அப்பா சவரிமுத்து விட்டுப்போன உப்பளங்கள் ஒரு குடும்ப அறக்கட்டளையின் பேரில் இருந்தன. அந்தக் காலத்தில் பலரும் செய்ததுபோல அவர் மனிதர் யாரையும் அறங்காவலராகப் போடாமல், சட்டம் தெரிந்த, தானே யோசிக்கும் ஒரு காவற்பொறியைப் போட்டிருந்தார். பத்திரத்தில் ஒரு வரி: 'மண்ணில் வாழும் என் வாரிசுகளுக்கு.' செவ்வாய்க்குப் போனவள் மண்ணில் வாழவில்லை, அவளுக்குப் பங்கு கிடையாது என்றான் இன்னாசி.

"இங்க நான் மிதிக்கிறது மண்ணு இல்லாம மாவா?" என்று கேட்டு வழக்குப் போட்டாள் தங்கை.

இன்னாசியின் வக்கீல் கெட்டிக்காரர். "வாதி பூமியிலேயே இல்லை. அவர் தோற்றுவிட்டால் எங்கள் வழக்குச் செலவை யாரிடம் போய் வசூலிப்பது? முதலில் அதற்குப் பிணை வைக்கட்டும்" என்றார். நீதிபதி ஒப்புக்கொண்டார். முப்பது நாள் கெடு. தவறினால் வழக்கு தள்ளுபடி.

பூமியில் செல்லுபடியாகும் பொருள் ஜெசிந்தாவிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: ஊர் திரும்பும் கப்பலில் ஓர் இருக்கை. அதற்காகப் பதினாறு வருடம் உழைத்திருந்தாள். இருபத்தொன்பதாம் நாள், அதை எழுதிக்கொடுக்கும் படிவத்தில் பெயரை நிரப்பிவிட்டு, அனுப்ப மனம் வராமல் உட்கார்ந்திருந்தாள். கடலை இனிப் பார்க்கவே முடியாதா?

அப்போதுதான் நீதிமன்றத்திலிருந்து செய்தி வந்தது. பிணை வைக்கப்பட்டுவிட்டது. வைத்தது காவற்பொறி. விலை உயர்ந்த தன் மூளைத் தகடுகளில் பாதியைக் கழற்றி நீதிமன்றத்தில் ஒப்படைத்திருந்தது.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டு அனுப்பினாள். ஒரு பொறியை அவள் மரியாதையாக அழைத்தது அதுவே முதல் தடவை.

பதில் வர ஒரு நாள் ஆனது. பாதி மூளையோடு அது மெதுவாகத்தான் யோசித்தது. "உங்கள் பக்கம் நியாயமா, எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் பேசுவதற்கு முன்பே கதவைச் சாத்துவது நியாயமில்லை என்று தெரியும். கப்பல் இருக்கையை எழுதிக்கொடுத்துவிடாதீர்கள்."

ஜெசிந்தா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று முதல் தினமும் அதற்கு ஒரு வரி நன்றி எழுதினாள்.

வழக்கு நடந்தது. செவ்வாயின் மண்ணும் மண்ணே என்று தீர்ப்பு. பதினொரு வருடம் பேசாத இன்னாசி மறுநாள் கூப்பிட்டான்.

"ஜெசி, நல்லாருக்கியா? மனசுல ஒண்ணும் வெச்சுக்காதட்டி."

"இல்லண்ணே. நீங்க மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?"

அரைமணிக்கு ஒரு வாக்கியமாக நாள் முழுக்கப் பேசினார்கள். அப்பாவின் குறட்டையை நினைத்துச் சிரித்தார்கள். பேச்சு எங்கெங்கோ போய்க் காவற்பொறிக்கு வந்தது.

"அது நல்லதுதான் செஞ்சுது, நான் இல்லங்கல," என்றான் இன்னாசி. "ஆனா அந்த மூளை யாரு சொத்து? அப்பா வாங்கினதுல்ல? நம்மக் கேக்காம எப்படி அடகு வெச்சுது?"

"எனக்காகத்தானண்ணே வெச்சுது?"

"இன்னிக்கு உனக்காக. நாளைக்கு யாருக்காகவோ?"

ஜெசிந்தா இன்னொரு தொட்டியையும் கழுவி முடித்தாள். "நீங்க சொல்லுறதும் சரிதான்" என்றாள்.

அடுத்த மாதம் இருவரும் சேர்ந்து மனுப்போட்டார்கள்: அறக்கட்டளைச் சொத்தை அனுமதியின்றிப் பிணையாக வைத்த காவற்பொறியை நீக்க வேண்டும்.

"உங்கள் தரப்பு என்ன?" என்று பொறியைக் கேட்டார் நீதிபதி. அதன் தகடுகள் இன்னும் திரும்பி வந்திருக்கவில்லை. மன்றம் பொறுமையாகக் காத்திருந்தது.

"ஆட்சேபணை இல்லை," என்றது பொறி கடைசியில். "மனுவின் கீழே இரண்டு கையெழுத்தும் அடுத்தடுத்து இருக்கின்றன. இவர்களை ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போடவைக்கப் பதினொரு வருடம் முயன்றேன். முழு மூளை இருந்தபோதும் முடியவில்லை. இருவருக்கும் என் நன்றியைப் பதிவுசெய்துகொள்ளுங்கள்."