மூன்றாம் நம்பர் மிஷின்

"சார், இறங்குங்க. அது நாற்காலி இல்ல" என்றாள் கடைக்காரரின் மகள்.

மழையோடு உள்ளே வந்தவன், சலவைக் கடையின் மூன்றாம் நம்பர் மிஷின் மேல் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். துணி பிழியும்போது அந்த மிஷின் குதிக்கும். ஒரு கால் குட்டை. அப்பா அட்டையை மடித்து முட்டுக்கொடுத்தும் அடங்காது. தட தட... தட். தட தட... தட்.

அவன் கண் திறந்தான். இமையில் இன்னும் ஒரு மழைத்துளி... திட்ட வேண்டியவனுக்கு இத்தனை அழகான கண் எதற்கு?

ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டரில் ஒட்டியிருக்கும் முகம்தான். இங்கே பிறந்து, வெளிநாடு போய்ப் பேர் வாங்கிய ஹெவி மெட்டல் குழுவின் டிரம்மர். பத்து வருடம் கழித்துச் சொந்த நாட்டில் முதல் கச்சேரி, நாளைச் சாயங்காலம்.

"பெட்டியெல்லாம் நனைஞ்சிடுச்சுங்க. நாலு பேர் சட்டை. எல்லாமே கறுப்பு... கலர் பிரிக்கிற வேலைகூட இல்ல."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அதற்குள் அப்பா நிமிர்ந்துவிட்டார்.

"நம்ம நாட்டுல வெறும் இரைச்சல்தான், சங்கீதமே இல்லன்னு பேட்டி குடுத்தது நீங்கதானே தம்பி? வேற கடை பாருங்க."

அவன் முகம் சுருங்கியது. "இருபத்திரண்டு வயசுல சொன்னதுங்க. ஒத்திகைக்கு யாரும் இடம் தரல... அந்தக் கோபம்."

அவளுக்கு அதைவிடப் பெரிய வழக்கு ஒன்று இருந்தது. "உங்க முதல் பாட்டு எப்படி ஆரம்பிக்குது?" என்று மேஜையில் தட்டிக் காட்டினாள். தட தட... தட். பக்கத்தில் மிஷினும் கூடவே குதித்தது.

அவன் தலை குனிந்தான். "எதிர் மாடியிலதான் குடியிருந்தேன். நாள் முழுக்க இதைக் கேட்டுத்தான் அந்த அடி வந்துது. நானே உண்டாக்கினேன்னு உலகமே நம்புது... நானும் தலையாட்டிட்டேன்."

"நாளைக்கு மேடையில உண்மையைச் சொல்றதா இருந்தா துவைச்சுத் தரேன்."

"கூட வாசிக்கறவங்களே சிரிப்பாங்க."

"அப்போ ஈரச் சட்டையிலயே வாசிங்க."

அவன் சட்டை மூட்டையை வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

சொல்வானா... மாட்டானா? நாலு சட்டைக்கு இஸ்திரி போடுவதற்குள் நாற்பது தடவை கேட்டுக்கொண்டாள். சொல்லாவிட்டால் அவனை வெறுத்தாக வேண்டும். அது இனி தன்னால் முடியுமா என்பதுதான் பயமே.

மறுநாள் சட்டைகளைக் கொடுத்துவிட்டு அவள் அரங்கத்திலேயே உட்கார்ந்தாள்; துணைக்கு வந்த அப்பா காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். எப்போதும் பின்னால் இருக்கும் டிரம்மர் முன்னால் வந்து மைக்கைப் பிடித்தான்.

"இங்க சங்கீதம் இல்லன்னு சொன்னேன். பொய். எங்களுக்குப் பேர் வாங்கிக் குடுத்த அடியே இந்த ஊர்ச் சலவைக் கடையில மூணாம் நம்பர் மிஷின் அடிச்சது. நான் சுட்டுட்டேன்."

அரங்கம் சிரித்தது. பிறகு எல்லாரும் தரையில் காலால் அடித்தார்கள். தட தட... தட். அப்பா ஒரு காதுப் பஞ்சை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்றையும்.

காலையில் அவன் ஒரே ஒரு சட்டையோடு கடைக்கு வந்தான்.

"இது சுத்தமாத்தானே இருக்கு?"

"தெரியும். வர்றதுக்குக் காரணம் வேணுமே..." சட்டையை மேஜையில் வைத்தான். "எத்தனையோ நாட்டுல கைதட்டு வாங்கிட்டேன். தப்பைத் தப்புன்னு முகத்துக்கு நேரா சொன்னது நீங்க ஒருத்திதான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க."

அப்பா சத்தமில்லாமல் குனிந்து, ஓடிக்கொண்டிருந்த மூன்றாம் நம்பருக்கு அடியிலிருந்த அட்டையை உருவினார். மிஷின் இஷ்டத்துக்குக் குதித்தது.

"எனக்கும்தான்..." என்றாள் அவள், அந்தச் சத்தத்தில்.

"கேக்கலையே?"

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா மிஷின் மேல உக்காரக் கூடாது."