பக்கத்து சீட்

ஷெட்டின் பூட்டு துருப்பிடித்துக் கிடந்ததால், அதைத் திறப்பதற்குள் மெக்கானிக் அரை பாட்டில் எண்ணெயைத் தீர்த்துவிட்டார். ஷட்டர் மேலே ஏறியதும் எலிப்புழுக்கை வாடையும் பழைய பெட்ரோல் வாடையும் சேர்ந்து வெளியே வந்தன. சித்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பாப்பா நேரே உள்ளே போய்த் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தாள்.

சிவப்புக் கார். இரண்டே கதவு. கூரை இருக்க வேண்டிய இடத்தில் கன்வாஸ், அதுவும் பின்பக்கம் மடங்கி நைந்து கிடந்தது.

பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்று சித்தியின் கணவர் இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் அடித்துச் சொன்ன கார் அது. அவர் போய் மூன்று மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமைக்குள் இடத்தைக் காலி செய்துகொடுங்கள் என்று ஷெட்டின் சொந்தக்காரர் வந்து நின்ற பிறகுதான், மனிதர் இத்தனை காலமாக ஒரு ரகசியத்தைப் பூட்டி வைத்திருந்தது வீட்டுக்கே தெரிந்தது.

இந்தக் காரில்தான் அவருடைய முதல் மனைவி செத்துப்போனாள். கூரையை மடித்துவிட்டு, இரண்டு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவளை, ஒரு வளைவில் வண்டி வெளியே வீசிவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்த அவருக்குக் கால் ஒடிந்தது. குழந்தை மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் அதே சீட்டில் உட்கார்ந்திருந்தது. அந்தக் குழந்தைதான் பாப்பா. இப்போது இருபத்துமூன்று வயது, மருந்துக்கடையில் வேலை. ஆனாலும் வீட்டில் பாப்பாதான்.

அவளை வளர்த்தவள் சித்தி. பாப்பா சின்ன வயதில் 'சித்தி, சித்தி' என்று வீடு அதிரக் கூப்பிட்டதில், தெருவுக்கே அவள் சித்தியாகிவிட்டாள். வண்டிகளுக்கு சீட் தைப்பது அவள் தொழில். அறுபது வயது லாரி டிரைவர்கூட "சித்தி, சீட்டு கிழிஞ்சிருச்சு" என்றுதான் வந்து தலையைச் சொறிவார். ஊர் கூப்பிடுவதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. ஒரே ஒருத்தி, ஒரே ஒரு தடவை அம்மா என்று கூப்பிட்டிருக்கலாம் என்பதுதான் உள்ளுக்குள் கிடந்து அரித்தது.

மெக்கானிக் காரைச் சுற்றி வந்தார், குனிந்தார், தட்டினார். இரண்டு மாதம் உட்கார்ந்து வேலை பார்த்தால் ஓட வைத்துவிடலாம் என்றார். வேண்டாமென்றால் இப்படியே தூக்கிக்கொண்டு போக ஆள் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் போதும் என்றும் சொன்னார்.

"வித்துடலாம்," என்றாள் சித்தி.

பாப்பா பக்கத்து சீட்டின் மேல் கையை வைத்தபடி நின்றாள். "வேண்டாம் சித்தி. எங்கம்மாகூட நான் இருந்த எடம்னு சொல்லிக்க எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. ரிப்பேர் பண்ணிடலாம். நானே ஓட்டுறேன்."

சித்திக்கு வயிறு எரிந்தது. உள்ளதைச் சொன்னால், பொறாமைதான். செத்துப்போனவளோடு எப்படிப் போட்டி போடுவது? மூத்தவள் இந்தப் பெண்ணை ஒரு நாளும் திட்டியதில்லை, பரீட்சைக்கு முந்தின நாள் டி.வி.யை அணைத்ததில்லை, பாலைப் பொங்கவிட்டதில்லை. போட்டோவில் சிரித்துக்கொண்டே இருந்து நல்ல பெயர் வாங்கிவிட்டாள். பொறாமைக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. இந்தக் காரைத் தயார் செய்து கொடுத்தால், பாப்பா அதில் ஏறி மூத்தவளிடமே போய்விடுவாள் என்று தோன்றியது. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? முதலில் சீட்டைத் தைக்கிறேன், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள்.

சித்தியின் வேலையில் ஒரு முறை உண்டு. உறையை மூடித் தைப்பதற்கு முன்னால், புது ஃபோமின் மேல் உரியவரை ஏறி உட்காரச் சொல்வாள். எங்கே எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்துச் சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு, அதன்படி செதுக்குவாள். சித்தி தைத்த சீட்டில் வேறு ஆள் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று தெருவில் கேலி செய்வார்கள். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வாள்.

வியாழக்கிழமை மதியம் பக்கத்து சீட் அந்தக் கட்டத்துக்கு வந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. ஷெட்டுக்குள் மட்டும், பிழியாத துணியைப் போட்டு வைத்த அறைபோல ஒரு குளிர்ச்சி. அரை நாள் லீவு போட்டு வந்திருந்த பாப்பா, அளவு கொடுப்பதற்கு முன்னால் டீ வாங்கி வந்துவிடுகிறேன் என்று கிளம்பினாள். சித்தி கார்க் கதவைத் திறந்துவைத்து, தரையில் மண்டியிட்டு, குனிந்த தலை நிமிராமல் ரெக்ஸின் ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கத்தரிக்கோலின் சத்தம் மட்டும் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

பின்னால் காலடி கேட்டது. மெதுவாக வந்து, அவளுக்குப் பக்கத்தில் நின்றது.

கை வேலையில் இருந்தது. வாய் வழக்கம்போலப் பேசியது.

"வந்துட்டியா? ஏறி உக்காரு, அளவு எடுத்துடலாம்."

ஸ்பிரிங் ஒரு தடவை முனகியது. ஃபோம் அமுங்கியது.

சித்தி சாக்பீஸை எடுத்தாள். கண் சீட்டின் ஓரத்தை விட்டு நகரவில்லை. கோடு கோணினால் வேலை கெட்டுவிடும். கோடு போட்டுக்கொண்டே, கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு போட்டுவிட்டாய் என்று கிண்டல் செய்தாள். பதில் இல்லை. காரை விற்கச் சொன்ன கோபம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். முகத்தைப் பார்க்காமல் பேசுவது ஒரு விதத்தில் சுலபமாக இருந்தது. மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"இந்த வண்டி வேண்டாம்டா. உன்னை உங்கம்மா கூட்டிட்டுப் போயிடுவாளோன்னு எனக்கு பயமா இருக்கு. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

ஃபோம் இன்னும் கொஞ்சம் அமுங்கியது. சரியாகக் காதில் விழவேண்டும் என்று யாரோ முன்னால் சாய்ந்தது போல.

"சித்தி, டீ ஆறுது."

குரல் ஷட்டர் பக்கமிருந்து வந்தது.

பாப்பா வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் டீ கிளாஸ்.

சித்தி மெல்லத் தலையைத் தூக்கினாள்.

சீட்டில் யாரும் இல்லை.

ஆனால் குழி இருந்தது. சாக்பீஸ் கோட்டுக்குள், அளவெடுத்த மாதிரி. புது ஃபோம், கையை எடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் எழும்பிவிடும். இது எழும்பவில்லை. கைக்குழந்தையின் உச்சந்தலையில் வரும் பால் வாடை அவள் மூக்கில் அடித்தது.

பிறகு அது எழும்பியது. முதலில் ஓட்டுநர் பக்கம். அப்புறம் கதவுப் பக்கம்.

இறங்குகிறவர்கள் அப்படித்தான் எழுந்திருப்பார்கள்.

ஜில்லென்று ஏதோ சித்தியின் கன்னத்தை உரசிக்கொண்டு கடந்து போனது. அவள் சாக்பீஸைப் போட்டுவிட்டுப் பின்னால் சரிந்தாள். பாப்பா கிளாஸ்களைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, மயக்கம் என்றாள் சித்தி. காரைப் பார்க்காமலே, இன்றைக்கே ஆளை வரச் சொல் என்றாள். கெஞ்சினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பாப்பா ரொம்ப நேரம் அந்த சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டாள்.

"சரி சித்தி. எனக்கு உங்களைவிட அது பெரிசில்ல."

அந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை வருஷமும் தகும் என்று சித்திக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் இழுவை லாரி வந்தது. கார் தெருமுனை திரும்பி மறையும்வரை சித்தி கண்ணெடுக்காமல் பார்த்தாள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மெக்கானிக்கின் தொப்பையைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தாள். பாப்பாவும் சிரித்தாள். சாப்பிட்டு முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேருமாக ஓடி ஓடி எல்லா ஜன்னலையும் சாத்தினார்கள். கரண்ட் போய், மின்விசிறியும் நின்றது. பாப்பா கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சித்தி அவளுக்குப் பின்னால், சமையலறை வாசலில் நின்று தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புழுக்கத்தில் கழுத்தெல்லாம் வேர்த்தது.

"அம்மா," என்றாள் பாப்பா.

சித்தியின் கை நின்றது. இருபது வருஷம்.

"சொல்லுடா கண்ணு," என்றாள், ஒருவழியாக.

பாப்பா திரும்பவில்லை.

"இறுக்கிப் பிடிச்சுக்கோம்மா. அப்பா ரொம்ப வேகமாப் போறார்."

காற்றே புகாத அந்த மூடிய அறையில், பாப்பாவின் தலைமுடி மட்டும் நாற்காலிக்குப் பின்னால் நீளமாகப் பறந்து படபடத்துக்கொண்டிருந்தது.