எடைக்குப் போட்ட இருக்கை

பேகம்பூரைத் தாண்டி இருக்கிற அயாஸ் பாயின் உடைப்புக் கடையில் கௌசல்யா போய் இறங்கியபோது மணி பன்னிரண்டு. வெயில் தகரத்தில் பட்டு எகிறியது. முகம் கழற்றிய வேன்களும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்த கதவுகளும் எங்கு பார்த்தாலும் கிடந்தன. கருகிய ஆயிலும் எலி மூத்திரமும் கலந்த வாடை. அவளுக்கு அது பழகிப்போன வாடைதான். எட்டு மாதமாக ஞாயிறு தவறாமல் வருகிறாள்.

“வாங்க இன்ஜினியரம்மா. இன்னிக்கு எதைப் பிடுங்கப் போறீக?”

“சீட்டு பாய். அது ஒண்ணுதான் பாக்கி.”

அவள் லோடு ஆட்டோவில் கொண்டு வந்திருந்த பழைய சீட்டை இறக்கிப் போட்டார்கள். டிரைவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து உட்காரும் நீளச் சீட்டு. தேங்காய் நார் பிதுங்கி, ஸ்பிரிங் துருப்பிடித்து, பாதியை எலி தின்றிருந்தது. அயாஸ் பாய் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாமானை எடுத்தாலும் அதன் பழசைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பழசு எடைக்குப் போகும். அங்கிருந்து லாரியேறி உருக்காலைக்குப் போகும்.

“அதே மாடல் சீட்டு ஒண்ணு உள்ள கிடக்கு. ஆனா ஆள் போன வண்டிம்மா. சிறுமலை வண்டி. ரெண்டு வருசமா ஒருத்தனும் தொடல.”

“ஆள் போகாத வண்டி நம்ம ஊர்ல எது பாய்?”

“ஒரு எலுமிச்சம்பழமாச்சும் நறுக்கிட்டு மாட்டுங்க.”

“அதைச் சர்பத்துல பிழிஞ்சு நீங்க குடிங்க. சீட்டைத் தூக்கச் சொல்லுங்க.”

பாய் சிரிக்கவில்லை. சீட்டைத் தூக்கியவர்கள் அதை ஆட்டோவில் வைத்துவிட்டுக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்கள்.

கௌசல்யாவின் பிக்கப் எழுபத்தி நாலாம் வருஷத்து வண்டி. அவள் அப்பா நல்லுசாமி அதில்தான் குஜிலியம்பாறையிலிருந்து திண்டுக்கல் சந்தைக்குத் தக்காளி ஏற்றினார். பதினாலு வருஷத்துக்கு முன்னால் கடலைக் காட்டில் அக்கா புவனேஸ்வரியைக் கட்டுவிரியன் தீண்டியபோது அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பியதும் அதில்தான். எரியோடு தாண்டி மூன்றாவது கிலோமீட்டரில் எஞ்சினின் பெட்ரோல் பம்ப் பழுதாகி வண்டி நின்றது. நல்லுசாமி ரோட்டின் நடுவில் நின்று கை காட்டினார். கார் போனது, வேன் போனது, கல்யாண வண்டி ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டே போனது. வேகத்தைக் குறைத்து, இவர்கள் யார் வீட்டு ஆள் என்று பார்த்துவிட்டு, மறுபடி வேகமெடுத்துப் போன காரும் உண்டு. பன்னிரண்டு வயது கௌசல்யாவின் தோளில் சாய்ந்துகொண்டு, “பாப்பா, இன்னும் எம்புட்டுத் தூரம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்த புவனா, ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

இழுத்து வந்து காட்டோரம் வேப்பமரத்தடியில் போட்ட வண்டியை அதன்பிறகு நல்லுசாமி தொடவில்லை.

கௌசல்யா தொட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதில் உட்காருவாள். பாலிடெக்னிக் படிக்கும்போதும் உட்கார்ந்தாள், வேடசந்தூர்ப் பக்கம் நூல்மில்லில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் உட்கார்ந்தாள். உச்சி வேளையில், காற்று செத்துப்போய்க் கிடக்கும்போது, இடது தோளில் மெதுவாக ஒரு கனம் ஏறும். தலை சாய்கிற கனம். கழுத்தில் மூச்சு படும்.

“பாப்பா, இன்னும் எம்புட்டுத் தூரம்?”

யாரிடமும் அவள் சொல்லவில்லை. பயப்படவும் இல்லை. ஆத்திரம்தான் வந்தது. செத்தும் போய்ச் சேரவில்லையே இவள். கடைசியில் ஒருநாள் முடிவு செய்தாள், வண்டியை ஓட வைப்பது என்று. எந்த ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக முடியாமல் போனதோ அந்த வாசலில் கொண்டுபோய் அக்காவை இறக்கிவிடுவது.

“அதை எடைக்குப் போடு தாயி” என்றார் நல்லுசாமி.

“போட மாட்டேன்.”

அந்த மாடலுக்கு உதிரி பாகம் வருவது நின்றே முப்பது வருஷம் இருக்கும். கிடைத்ததை வாங்கி, வெட்டி, ஒட்டி, பொருத்தினாள். ஜீப்பின் ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரவில்லை. எரியோட்டு லேத் கடை தங்கமுத்து இடைவெளியை அடைக்கப் புஷ் வளையம் கடைந்து கொடுத்தார். ரேடியேட்டர் டிராக்டருடையது, நாலு விரற்கடை அகலம் கூடுதல், தாங்கியை அறுத்து வைத்தாள். இடது கதவு ஏதோ வேனுடையது, கீல் இரண்டு அங்குலம் கீழே இறங்கி இருந்ததால் தூணில் புதிதாகத் துளை போட்டாள். தரைத் தகடு ஒரு வண்டி, பின்கதவு இன்னொரு வண்டி.

“இது வண்டியா கூட்டாஞ்சோறாம்மா?” என்றார் தங்கமுத்து.

“ஓடுனா வண்டிண்ணே.”

ஒவ்வொன்றுக்கும் பழசை அயாஸ் பாய் கடையில் போட்டாள். பழைய கதவைப் போட்ட வாரம் தோளில் கனம் லேசாகத்தான் ஏறியது. தரைத் தகட்டைப் போட்ட பிறகு பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும் பட்டது. வெல்டிங் புகையிலும் சத்தத்திலும் நமக்குத்தான் தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டாள்.

சிறுமலைச் சீட்டை மாட்டி முடித்த அன்றைக்கு உச்சி வேளையில், அழுத்தமாக, முழுசாக, இடது தோளில் தலை வந்து சாய்ந்தது.

கௌசல்யா ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதாள். “வந்துட்டியா. பயந்துட்டேன்டீ.”

அடுத்த ஞாயிறு பதினொன்றரைக்குக் கிளம்பினாள். நல்லுசாமி வண்டிப் பக்கம் வரவில்லை. ஆனால் பம்ப் செட்டிலிருந்து சத்தமாகக் கேட்டார், “பெட்ரோல் பம்ப் புதுசுதான?”

“புதுசுப்பா.”

அவர் தலை குனிந்துகொண்டார்.

ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. முருங்கைத் தோப்புகள் அசையாமல் நின்றன. பழைய எஞ்சின் நன்றாகவே இழுத்தது. எரியோடு வந்தது. ஒரு கிலோமீட்டர். இரண்டு. அந்த இடம் நெருங்க நெருங்க அவள் கை வியர்த்தது. தோளில் சாய்ந்திருந்த தலை அசைந்தது.

“செத்த நேரம் பொறுத்துக்க புவனா. தாண்டிட்டோம்னா முடிஞ்சுது.”

மூன்றாவது கிலோமீட்டரை வண்டி தாண்டியது. நிற்கவில்லை.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. ஈரத் துணி வாடை. குளிர்ந்த மண். மலை மேல் மழை பெய்தால் வருகிற வாடை.

இங்கே மழை பெய்து நாலு மாதம் ஆகிறது.

காதோரம் ஒரு குரல் கிசுகிசுத்தது.

“அக்கா, ஆஸ்பத்திரி வந்துருச்சா?”

கௌசல்யா பிரேக்கை மிதித்தாள்.

புவனா அவளை அக்கா என்று கூப்பிட மாட்டாள்.

எஞ்சின் அணைந்தது. இடப்பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. சீட்டின் ரெக்ஸின் உறை மட்டும் கண்ணோரத்தில் தெரிந்தது. ஆள் உட்கார்ந்த மாதிரி குழிந்திருந்தது.

“நீ யாரு?”

“எம்பேரு அன்னாள்க்கா. சிறுமலை. வவுத்துல பிள்ள திரும்பிக்கிருச்சுன்னு கூட்டியாந்தாக. மழையில ரோடு சரிஞ்சு கிடந்துச்சு. விடியட்டும்னாக.”

கௌசல்யா போனை எடுத்து அயாஸ் பாயைக் கூப்பிட்டாள்.

“பாய், எங்க பழைய சீட்டு, கதவு, தரைத் தகடு... எல்லாம் இருக்கா?”

“என்னம்மா இப்பக் கேக்குறீக? வியாழக்கிழமையே லாரி ஏறிருச்சு. இந்நேரம் உருக்கி ஊத்திருப்பாக. ஏன், என்னாச்சு?”

அவள் போனை மடியில் போட்டாள். பதினாலு வருஷம் அந்த வண்டியை விட்டுப் போகாமல் உட்கார்ந்திருந்தவளைத் தன் கையாலேயே கழற்றி, துண்டு துண்டாகத் தூக்கி, எடைக்குப் போட்டிருக்கிறாள். புத்தி உள்ள எவளாவது செய்வாளா? படித்த புத்தி.

இடப்பக்கம் பார்க்காமலே கேட்டாள்.

“இந்த வண்டிக்குள்ள எங்க அக்கா இல்லையா?”

“இல்லக்கா.”

“எங்க போனா?”

“பின்னாடி நடந்து வாராக.”

கண்ணாடியில் பார்த்தாள். கானல் ஓடும் வெறும் ரோடு.

அவள் வண்டியைத் திருப்பப் போனாள்.

“திரும்பாதீகக்கா. நீங்க எந்தப் பக்கம் போனாலும் அவுக பின்னாடிதான் வருவாக. வண்டியைத் தேடிக்கிட்டே வாராக.”

அன்று திண்டுக்கல் பெரியாஸ்பத்திரி வாசலில் இடது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கௌசல்யா அரைமணி நேரம் நின்றாள். காவலாளி வந்து பார்த்தார்.

“ஏம்மா, பேஷன்ட் எங்க? கதவைத் திறந்து போட்டு யாருக்கு ஆரத்தி எடுக்கப் போற? வண்டியை எடு.”

சீட்டின் குழி நிமிரவில்லை.

“இறங்கு அன்னாள். இதுதான் ஆஸ்பத்திரி.”

“அவுகளும் வரட்டும்க்கா. எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே நேரத்துக்குக் கிளம்பினாள். மூன்றாவது கிலோமீட்டரில் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். இடப்பக்கம் கேட்பாள். பதில் வரும். முதல் வாரம், “எட்டுக் கல் தூரத்துல வாராகக்கா.” அடுத்த வாரம் ஆறு. அதற்கடுத்து நாலு. மெலிந்துபோனாள். வேலையில் கவனம் இல்லையென்று மில்லில் இரண்டு முறை எச்சரித்தார்கள். நல்லுசாமி சனிக்கிழமைதோறும் டாங்கியில் பெட்ரோல் நிரப்பி வைத்தார்.

போன ஞாயிறு.

“வந்துட்டாகக்கா.” அன்னாளின் குரல் ஏனோ இறங்கிப்போயிருந்தது. “ஆனா அவுக மட்டும் இல்ல.”

“வேற யாரு?”

“தெரியலையே. தூளியில ஒரு தாத்தாவைத் தூக்கியாராக. பச்சப்பிள்ளைகள்லாம் வருது. ரோடு பூரா ஆளா இருக்குக்கா. வண்டி கிடைக்காதவுக.”

கௌசல்யா கண்ணாடியைப் பார்க்கவில்லை. இறங்கினாள். தார் கொதித்தது. பின்பக்கம் போய்க் கொக்கியை விலக்கி, பின்கதவைக் கீழே சாய்த்து வைத்தாள். வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு சத்தமும் இல்லை.

பிக்கப்பின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

மறுபடி தாழ்ந்தது.

ஸ்பிரிங் பட்டைகள் முனகின. டயர்கள் பிதுங்கின. முன்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டது. தக்காளி ஐம்பது பெட்டி ஏற்றினால்கூட இப்படி இறங்காது.

“எங்க அக்கா ஏறிட்டாளா?”

இடப்பக்கம் காதைச் சாய்த்தாள்.

“அன்னாள். எங்க புவனா ஏறிட்டாளான்னு கேக்குறேன்ல?”

பதில் இல்லை. பின்பக்கம் இன்னும் ஒருமுறை தாழ்ந்தது.